தெளிவாக விழுந்த படம்

வெயில் வராந்தாவின் பாதி வரைக்கும் ஏறியிருந்தது. பெஞ்சில் ஐந்தாறு பெண்கள் முழங்காலோடு முழங்காலை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுடலைமாடத்தி எவர்சில்வர் கூஜாவோடு ஒரு முனையிலிருந்து வந்தாள். ஒவ்வொருத்தி முன்னாலும் நின்று டம்ளரை நீட்டினாள்.

“குடிங்கம்மா. இன்னும் ஒரு டம்ளர்.”

“ஏ ஆயா, இதுக்கு மேல குடிச்சா கண்ணு வழியா வந்துரும்.”

“கண்ணு வழியா வந்தாப் பரவாயில்ல. வேற வழியா மட்டும் வந்துரப்பிடாது. தண்ணி நெறஞ்சு நின்னாத்தான் வயித்துக்குள்ள படம் தெரியும்.”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்ததும் ஒருத்தி பயந்துபோய்க் காலை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“சிரிக்க வைக்காதளா பாவி. அடக்க முடியல.”

“எங்க தெருவுல நல்லதண்ணிக்கு விடியக்காலமே கொடத்த வரிசையில போட்டுட்டுக் காத்துக் கெடக்கோம்” என்றாள் ஓரத்தில் இருந்த கிழவி. “இங்கன என்னடான்னா, தண்ணிய ஓசியில ஊத்திட்டு வெளிய விடாதேங்காவ.”

டாக்டர் ஜெயபாயின் ஆஸ்பத்திரியில் அந்த மெசின் வந்த பிறகு தினமும் காலையில் இந்தக் கூத்துதான். எழுபத்தொன்பதாம் வருஷம். திருநெல்வேலிப் பக்கம் எங்குமே இப்படி ஒன்று இல்லை என்று டாக்டரம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். சீமையில் டாக்டராக இருக்கும் அவளுடைய தம்பி, அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஓடிக்கொண்டிருந்ததைப் பிடித்துக் கப்பலில் அனுப்பியிருந்தான். புது ஹார்பரில் அதை இறக்கிய லோடுமேன்களில் சுடலைமாடத்தியின் புருஷன் ஆவுடையப்பனும் ஒருவன். பெட்டியின் மேல் கண்ணாடிக் கிண்ணம் படம் போட்டிருந்ததால் கொக்கி போடக்கூடாது என்று சொல்லி, எல்லாருமாகச் சேர்ந்து கையால் தூக்கி இறக்கினார்கள். “உன் மெசின எறக்கினது நாந்தாம்ளா” என்று அவன் இன்றைக்கும் சொல்லுவான். ஏதோ பாதிப் பங்கு தனக்கு உண்டு என்பது போல.

மெசின் என்பது பீரோவில் பாதி உயரத்துக்கு ஒரு பெட்டி. அதில் சின்னதாக ஒரு திரை. பெட்டியிலிருந்து கறுப்பாக ஒரு வயர் நீண்டு வரும். வயர் முனையில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கட்டை. வயிற்றில் எண்ணெய் தடவி அந்தக் கட்டையை வைத்து நகர்த்தினால் உள்ளே இருப்பது திரையில் தெரியும். டாக்டருக்கு அதன் பெயர் புரோப். மற்ற எல்லாருக்கும் மைக். முதன்முதலில் படுத்தவள், “இதுல நான் பேசணுமாம்மா?” என்று கேட்டதிலிருந்து அந்தப் பெயர் நின்றுவிட்டது.

மைக்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை சுடலைமாடத்திக்கு வந்தது. வேறு ஆயாக்கள் பயந்து ஒதுங்கினார்கள். அவளும் பயந்தாள். ஆனால் முதல் நாளே அவள் செய்யப் பார்த்த காரியம் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவி எல்லாரையும் சிரிக்க வைத்தது. நோயாளி உடம்பில் படுகிற எதையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுப்பதுதான் அவளுக்குத் தெரிந்த முறை. இடுக்கி, கத்தரி, ஊசி எல்லாம் அப்படித்தான். சாயங்காலம் மைக்கையும் கழற்றித் தரச்சொல்லி அடுப்பில் சட்டியை வைத்துவிட்டாள். நர்ஸ் பிளாரன்ஸ் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏளா, கெழங்கு மாதிரி அவிக்கவா போற? உள்ள இருக்கது சூடு பட்டாச் செத்துப்போவும்.”

“அப்பம் ஸ்பிரிட்ல முக்கிருவமா?”

“முக்கவும் கூடாது. ஈரத்துணியால தொடச்சு, காஞ்ச துணியால தொடைக்கணும். அவ்வளவுதான்.”

“பச்சப்புள்ளைக்கு மேலுக்குத் தண்ணி ஊத்துத மாதிரியில்லா இருக்கு.”

டாக்டரம்மா அவளை நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். கீழே போடக்கூடாது. எதிலும் இடிக்கக்கூடாது. வயரை மிதிக்கக்கூடாது. முகப்பில் நகமோ வளையலோ கீறக்கூடாது. கீறினால் படத்தில் கோடு விழும். ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். காயவிட்டால் ரப்பர் கெட்டுப்போகும். சுடலைமாடத்தி கல்யாணமான புதிதில் உப்பளத்தில் உப்பை இழுத்துச் சேர்க்கிற வாருகோல் பிடித்தவள். உப்புத் தண்ணீர் அரித்த உள்ளங்கை, ஆஸ்பத்திரிக்கு வந்தும் பினாயிலில் வெடித்து வெடித்துச் சொரசொரப்பாகவே இருந்தது. தன் கை பட்டே மைக்கில் கீறல் விழுந்துவிடும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். பிறந்த குழந்தைகளைச் சுற்றுகிற பிளானல் துணியில் ஒரு துண்டு வாங்கி, அதைக் கையில் போட்டுக்கொண்டுதான் தொடுவாள். கண்ணாடி வளையல்களைக் கழற்றிச் சேலை முந்தியில் முடிந்துகொள்வாள்.

அவளுக்கு மைக்கின் மேல் இருந்த அக்கறைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவளுடைய இடது அடிவயிற்றில் ஓர் உருண்டை. மல்லாந்து படுத்து அமுக்கினால் கைக்குத் தட்டுப்படும். மாசத்தில் பாதி நாள் இரத்தப்போக்கு நிற்பதில்லை. வாளியைத் தூக்கினால் உள்ளே யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி வலிக்கும். டாக்டரம்மா ஒரு தடவை கையை வைத்துப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். “உள்ள என்னன்னு மெசின்ல பாத்தாத்தான் தெரியும் மாடத்தி. கட்டி நல்லதா கெட்டதா, ஆபரேஷன் வேணுமா வேண்டாமா, எல்லாம் அதப் பாத்துட்டுத்தான். கூட்டம் குறையட்டும். உனக்கு நானே எடுக்கேன்.”

கூட்டம் குறையவில்லை. கோவில்பட்டியிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் கார் வைத்து வந்தார்கள். சுடலைமாடத்தி தினமும் எத்தனையோ வயிறுகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள், எண்ணெய் தடவினாள். அவள் வயிறு காத்திருந்தது.

“ஏளா, நீயே ராத்திரி ஆளில்லாத நேரத்துல மைக்க வச்சுப் பாத்துக்கிடேன்” என்பாள் பிளாரன்ஸ்.

“பாக்கலாம் சிஸ்டர். உள்ள இருக்கது உப்பா சங்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? அம்மா பாத்துச் சொல்லணும்லா.”

ஒருவழியாக, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆள் இல்லாமல் போனது. பக்கத்து ஊர்களில் எல்லாம் கோயில் கொடைத் திருவிழா. டாக்டரம்மா அறைக்குள்ளிருந்தே, “மாடத்தி, தண்ணி குடி. இன்னைக்கு உன்னைப் பாத்துரலாம்” என்றாள். சுடலைமாடத்தி கூஜாவைத் தூக்கி நேராக வாயில் ஊற்றிக்கொண்டாள். காத்திருந்த நேரத்தில் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். அட்டெண்டர் மனுவேல் வாசற்படியில் உட்கார்ந்து பீடிக் கட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னளா, தோணி மாதிரி ஆடி ஆடி நடக்க?”

“சரக்கு ஏத்தியாச்சு அண்ணாச்சி. சீக்கிரம் கரை சேக்கச் சொல்லுங்க.”

மனுவேல் புன்னைக்காயல்காரர். இளவயதிலிருந்தே சங்கு குளிக்கிற வள்ளத்தில் கயிறு பிடித்தவர். கீழே முங்கியவனின் உயிர் மேலே கயிறு பிடிக்கிறவன் கையில் இருக்கும். அவன் ஓர் இழுப்பு இழுத்தால் இவர் ஏற்றிவிட வேண்டும். தோள் மூட்டு நழுவிய பிறகு கடலை விட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். சாயங்காலம் மெசினை அணைத்து, துணி போட்டு மூடி, அறையைப் பூட்டுவது அவர் வேலை.

சுடலைமாடத்தி மேஜையில் படுத்தாள். பிளாரன்ஸ் எண்ணெயை ஊற்றினாள். “ஐயோ, குளுருது” என்று அவள் வயிற்றைச் சுருக்கினாள். “இத்தனை பேருக்கு ஊத்தும்போது தெரியலையாக்கும்?” என்றாள் பிளாரன்ஸ். டாக்டரம்மா மைக்கை வயிற்றில் வைத்தாள். திரையைப் பார்த்தாள். மைக்கைத் திருப்பினாள். மறுபடி பார்த்தாள். திரையில் பாதிக்கு மேல் கறுப்புக் கோடுகள் விழுந்திருந்தன. வயரை அசைத்ததும் எல்லாமே அணைந்து, ஒரே சாம்பலாக நின்றது.

டாக்டரம்மா மைக்கை முகத்துக்கு நேரே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“மாடத்தி. கீழ போட்டியா?”

“இல்லம்மா. எங்க மாடன் சத்தியமா இல்ல.”

“எங்கயாவது இடிச்சியா?”

“என் தலைய இடிச்சிருப்பேன், இத இடிக்க மாட்டேன்.”

“பின்ன எப்படிப் போச்சு? உன் கையிலதான இருக்கு?” டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். “மெட்ராஸ்லேர்ந்து எஞ்சினியர் வரட்டும். உன் கைப்பிசகுன்னு அவர் சொன்னா, இந்த ரூமுக்குள்ளயே நீ கால் வைக்கக்கூடாது. உனக்குப் படமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது.”

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சுடலைமாடத்தி அதைக் கேட்டுக்கொண்டே வயிற்று எண்ணெயோடு எழுந்து கக்கூசுக்கு ஓட வேண்டியிருந்தது. அழக்கூட நேரம் இல்லை. திரும்பி வந்தபோது பிளாரன்ஸ் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். பார்த்ததும் இவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் அழுதாள்.

எஞ்சினியர் வருவதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது. அதுவரைக்கும் சுடலைமாடத்தியை வார்டு கழுவப் போட்டிருந்தார்கள். வாளியைத் தூக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பாள். இரத்தம் போய்ப் போய் உதடு வெளுத்திருந்தது. ஆவுடையப்பன் ஒருநாள், “நான் வேணும்னா வந்து கேக்கட்டுமா? எறக்குதப்பமே ஒடஞ்சிருக்கும்னு சொல்லிருதேன். பழி ஹார்பர்ல விழட்டும்” என்றான்.

“நீரு சும்ம இரும். அந்தப் பழியும் நம்ம வீட்டுக்குத்தான வரும்? எறக்கினது நீருதான?”

அவன் யோசித்துப் பார்த்து, “அதும் சரிதான்” என்றான்.

எஞ்சினியர் சின்ன வயதுக்காரன். மெட்ராஸ் மெயிலில் தூங்காமல் வந்த கண்கள். வந்ததும் டீ கேட்டான். டீயைக் குடித்துக்கொண்டே எல்லாரையும் அறைக்குள் வரச்சொன்னான். சுடலைமாடத்தி கதவோரம் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள். அவன் மைக்கின் முகப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். விரலால் தடவினான்.

“இதை யாரு துடைக்கிறது?”

சுடலைமாடத்தி சுவரை விட்டு நகராமலே சொன்னாள். “நாந்தான் சார்.”

“ஒரு கீறல்கூட இல்லை. அடிபட்ட தடமும் இல்லை. இப்படி வச்சிருக்கிற இடத்தை நான் பார்த்ததே கிடையாது.”

அவள் பிளாரன்ஸைப் பார்த்தாள். பிளாரன்ஸ் கண்ணடித்தாள். எஞ்சினியர் இப்போது வயரை விரல்களுக்கு நடுவில் ஓட்டிக்கொண்டே போனான். மைக்குக்கு ஒரு முழம் தள்ளி அவன் விரல் நின்றது. அந்த இடத்தில் வயர் நசுங்கி, பாம்பு கழுத்தைத் திருப்பின மாதிரி வளைந்திருந்தது.

“இந்த வயரை யார் சுத்தி வைக்கிறது?”

“நாந்தாம்யா” என்று மனுவேல் நெஞ்சை நிமிர்த்தி முன்னால் வந்தார். அடுத்த பாராட்டு தனக்கு என்று நினைத்துவிட்டார்.

“எப்படிச் சுத்துவீங்க? சுத்திக் காட்டுங்க.”

மனுவேல் வயரை வாங்கினார். கட்டைவிரலுக்கும் முழங்கைக்குமாக விறுவிறுவென்று சுற்றினார். ஒவ்வொரு சுற்றையும் வெட்டி இழுத்து இறுக்கினார். கடைசி முழத்தை நடுவில் குறுக்காக இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகி, ஒரு சுண்டு சுண்டினார். வயர் விறகுக்கட்டு மாதிரி நின்றது. அதை ஆணியில் மாட்டினார். மைக் தலைகீழாகத் தொங்கியது.

“பொயல் அடிச்சாலும் அவுறாதுய்யா.”

எஞ்சினியர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். பிளாரன்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“பெரியவரே, இது கயிறு இல்லை. உள்ளே தலைமுடி கனத்துல கம்பி கம்பியா ஓடுது. நீங்க தினம் இழுத்து முறுக்கினதுல அறுந்து போயிருக்கு.”

“கயித்த எளக்கமா விட்டா சிக்கும்லாய்யா? சிக்குனா கீழ கெடக்கவன் செத்துருவான். நாப்பது வருசத்துப் பழக்கம். கையில கயிறுன்னு ஒண்ணு இருந்தா அதுவாச் சுத்துது.”

“இங்க கீழே ஆள் யாரும் இல்லைங்க.”

“அண்ணாச்சி” என்றாள் சுடலைமாடத்தி கதவோரத்திலிருந்து, “கீழ நான் கெடந்தேன். எனக்குத்தான் மூச்சு முட்டிச்சு.”

எல்லாரும் சிரித்தார்கள். மனுவேலும் சிரித்தார். பிறகு அவள் பக்கம் திரும்பித் தலையைச் சொறிந்துகொண்டு, “மன்னிச்சுக்கிடு தாயி. மாதா அறிய நான் நல்லதுன்னுதான் இறுக்குனேன்” என்றார். “போட்டும் விடுங்க” என்றாள் அவள். வயரைச் சுளகு அகலத்துக்குத் தளர்ச்சியாக வளையம் போட வேண்டும், மைக் தொங்கக்கூடாது, அதற்குரிய குழியில் முகம் மேலே இருக்கும்படி படுக்க வைக்க வேண்டும் என்று எஞ்சினியர் காட்டிக்கொடுத்தான். மனுவேல் பலதடவை செய்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கடைசியில் அவர் கை தானாக ஒரு சுண்டு சுண்டப் போகும். பிளாரன்ஸ் அந்தக் கையில் ஓர் அடி வைப்பாள்.

எஞ்சினியர் நசுங்கின இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்பிகளை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தான். ஈயம் உருகுகிற வாசம் அறையில் நிறைந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. வெளியே ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. உப்பு வியாபாரி வீட்டு மருமகள், முதல் பிள்ளை உண்டாகியிருக்கிறாள். மெசின் சரியாகிவிடும் என்று டாக்டரம்மா போனில் சொல்லியிருந்தாள். கூடவே மாமியாரும், பிளாஸ்க்கும், தலையணையும் வந்தன.

“டெஸ்ட் பண்ணணும் டாக்டர். யாராவது படுக்கணும்” என்றான் எஞ்சினியர். “தண்ணி குடிச்சிருக்கணும்.”

“அவங்களப் படுக்க வச்சு, பாதியில நின்னு போச்சுன்னா அசிங்கம்” என்று டாக்டரம்மா சுற்றிலும் பார்த்தாள்.

“நான் விடியக்காலத்துலேர்ந்து குடிச்சிட்டே இருக்கேன்ம்மா” என்றாள் சுடலைமாடத்தி. “இன்னைக்கு எப்படியும் என் முறை வரும்னு தெரியும்.”

“நல்லதாப் போச்சு. ஏறிப் படு.”

பிளாரன்ஸ் அவள் காதருகில் குனிந்து, “பாத்தியாளா, உன் நேரம் வந்துட்டு” என்று சொல்லி எண்ணெயை ஊற்றினாள். இந்தத் தடவை குளிர் தெரியவில்லை. திரை மறுபக்கம் திரும்பியிருந்ததால் மேஜையில் படுத்திருந்தவளுக்கு மெசினின் முதுகுதான் தெரிந்தது. அதன் துளைகள் வழியாக வெதுவெதுப்பாகக் காற்று வந்து முகத்தில் பட்டது. அவள் திரையைப் பார்க்கிறவர்களின் முகங்களைப் பார்த்தாள். முகங்களில் வெளிச்சம் ஏறியது.

“வந்துருச்சு!” என்றாள் டாக்டரம்மா.

“பாருங்க டாக்டர், ஒரு கோடு கிடையாது. தண்ணிப்பையோட ஓரம் எவ்வளவு சுத்தமா விழுது பாருங்க.” எஞ்சினியர் மைக்கை இடது பக்கம் நகர்த்தினான். நிறுத்தினான். கொஞ்சம் அமுக்கினான். சுடலைமாடத்தி பல்லைக் கடித்துக்கொண்டாள். “அட, இதப் பாருங்க. இந்த உருண்டை. உள்ளே இருக்கிற பொடிப்பொடி எல்லாம் தனித்தனியாத் தெரியுது. பழைய மெசின்ல இந்த அளவுக்கு வர்றது அபூர்வம்.”

“பியூட்டிஃபுல்” என்றாள் டாக்டரம்மா. மனுவேல் எட்டிப் பார்த்து, “கடலுக்கடியில பாத்த மாதிரியே இருக்குய்யா” என்றார்.

“இதை ஒரு போட்டோ எடுத்துக்கிறேன். இதுவே போதும்.” திரையின் முன்னால் காமிராவை வைத்து ஒரு விசையைத் தட்டினான். காமிராவிலிருந்து ஒரு காகிதத்தை உருவி, மேல்தாளை உரித்து, காற்றில் விசிறினான். அது கையிலிருந்து கைக்குப் போனது. நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்றார்கள்.

“அம்மா” என்றாள் சுடலைமாடத்தி. “என்னம்மா தெரியுது?”

“மெசின் நல்லாயிட்டு மாடத்தி. உன் மேல ஒரு தப்பும் இல்ல.”

“அது சரிம்மா. எனக்கு உள்ள?”

டாக்டரம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கதவு திறந்தது. பிளாஸ்க்கோடு மாமியார் எட்டிப் பார்த்து, “பிள்ளைக்கு அடக்க முடியலையாம் டாக்டர்” என்றாள்.

“இந்தா, இந்தா, கூட்டிட்டு வாங்க.” டாக்டரம்மா சுடலைமாடத்தியின் தோளைத் தட்டினாள். “எந்திரி, எந்திரி. உன்னத அப்புறமா ஆற அமரப் பாத்துக்கிடலாம்.”

எஞ்சினியர் போட்டோவைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

“சார், அந்தப் படம்...”

“இது சாம்பிள்ம்மா. மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில மெசின் வாங்கறதா இருக்காங்க. அவங்களுக்குக் காட்டணும்.” பெட்டியின் பூட்டை இரண்டு பக்கமும் அமுக்கினான். “நீங்க நல்லாப் பார்த்துக்கிட்டதாலதான் இப்படி விழுந்திருக்கு.”

மருமகள் உள்ளே வந்து மேஜை அருகில் நின்றாள். சுடலைமாடத்தி இறங்கினாள். அடக்கிய தண்ணீர் அவளை முடுக்கியது. ஆனால் மைக்கில் எண்ணெய் காயத் தொடங்கியிருந்தது. அவள் வளையல்களைக் கழற்றி முடிந்துகொண்டு, பிளானலை விரலில் சுற்றி, முகப்பை ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாகத் துடைத்தாள். பளபளவென்று ஆனதும் அதை இரண்டு கையாலும் ஏந்தி டாக்டரம்மாவிடம் நீட்டினாள். பிளாரன்ஸ் எங்கோ பார்த்தபடி குமிழைத் திருகினாள். போட்டோவுக்காகத் திரையில் நிறுத்தி வைத்திருந்த உருண்டை அணைந்தது.

இடுப்புச் சேலைக்கு மேலே அவள் வயிற்றில் எண்ணெய் வழிந்து கொசுவத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.